கும்பகோணத்துக்கு எந்த மாதத்தில் போவது?



ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களின் விருப்பம். என்னை அழைத்தவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் கும்பகோணத்தை எடுத்துக்கொண்டேன். வெளியூர்க்காரர்கள் ஓயாமல் வந்துபோகிற ஊர் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

எந்த மாதத்தில் போகலாம் என்று நண்பர்கள் கேட்பார்கள். வெயில் தணிந்த மார்கழி, தை என்று சொல்வது வழக்கம். மாசி மகத்தை ஒட்டிப் போகச் சொல்பவர்களும் உண்டு. நான் வேறு கணக்குச் சொல்வேன். மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்றா, வயலில் இப்போது என்ன நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். அந்த ஊரின் கோயில், கல்லூரி, வங்கி, வெண்கலம், வெற்றிலை அத்தனைக்கும் அடியில் இருப்பது ஆற்றுத் தண்ணீரும் அது கொண்டுவந்து சேர்த்த வண்டலும்தான். தண்ணீரின் மாதங்கள் தெரியாமல் கோபுரங்களை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கோபுரங்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்பது பிடிபடாது.

முதலில் வழியைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து போகிறவர்கள் இரவில் பஸ் ஏறி விடிகாலையில் இறங்குகிறார்கள். நேரம் மிச்சம், ஆனால் ஊருக்கு முன்னால் பார்க்க வேண்டிய அனைத்தும் இருட்டில் போய்விடுகிறது. சோழன் எக்ஸ்பிரஸ் பகலில் ஓடுகிறது. விழுப்புரம், கடலூர், சிதம்பரம் என்று பழைய மெயின் லைனில் வரும். சிதம்பரம் தாண்டியதும் கொள்ளிடத்துப் பாலம். அந்த அகலத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மயிலாடுதுறையில் வண்டி மேற்கே திரும்பி, குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம் என்று வரும்போது இரண்டு பக்கமும் வயல்தான். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒரு சிறு பாலம். கீழே ஓர் ஆறோ வாய்க்காலோ போகும். சன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தப் பாலங்களைப் பார்த்தபடி வருகிறவருக்குக் கும்பகோணம் பாதி புரிந்துவிட்டது என்று சொல்வேன்.

ஊருக்குள் வந்து பாலக்கரையில் நின்று காவிரியை முதன்முறை பார்க்கிறவர்களுக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. இதுவா காவிரி என்று கேட்பார்கள். திருச்சிக்கு மேற்கே அகண்ட காவிரியைப் பார்த்த கண்களுக்கு இது குறுகலாகத் தெரிவது இயல்பு. ஊருக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் நகரம். இரண்டில் எதிலுமே அந்தப் பிரமாண்டம் இல்லை. காரணம் இதுதான்: முக்கொம்பில் வெள்ளத்தின் பெரும்பங்கைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. கல்லணையில் மீதித் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அதற்குக் கிழக்கே காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு, திருமலைராயனாறு, முடிகொண்டான் என்று கிளைகளும் கிளைகளின் கிளைகளும் பிரிந்துகொண்டே போகின்றன. பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு வாய்க்கால் அளவுதான் இருக்கும். மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்கப் பெருகும். இது கொடுத்துக்கொடுத்துச் சிறுக்கும். கும்பகோணத்தில் காவிரி குறுகலாக இருப்பதைக் கண்டு நான் வருந்துவதில்லை. வயல்களுக்குப் போய்ச் சேர்ந்ததன் அடையாளம் அது.

இந்தப் பங்கீடு தானாக நிலைத்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து, காவிரிப் பக்கம் மண் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்தின் வழியே வீணாகப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையையும் கும்பகோணத்துக்கு வடக்கே அணைக்கரையில் கீழணையையும் கட்டியபிறகே நிலைமை திருந்தியது. அணைக்கரை கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. கீழணையில் தேங்கும் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீராகவும் வருகிறது. சென்னையில் குழாயைத் திறக்கிறவர்களுக்கும் இந்த ஊருக்கும் அப்படி ஓர் உறவு உண்டு. சுற்றுலாப் பயணிகள் யாரும் கீழணைக்குப் போவதாக நான் கேள்விப்பட்டதில்லை. போக வேண்டும்.

இனி மாதங்களுக்கு வருகிறேன். மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கே பூத்தூவித் திறப்பார்கள். பிறகு மதகு மதகாகக் கீழே இறங்கும். கோடை முழுவதும் கும்பகோணத்துக் காவிரியில் மணலும் நாணலும் காட்டாமணக்கும்தான். அந்த மணலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக நகர்ந்து வருவதைப் பார்க்கக் கரையில் ஆட்கள் நிற்பார்கள். பெரிய சத்தம் ஒன்றும் இருக்காது. படித்துறையில் ஒரு பெரியவரிடம், "ஐயா, தண்ணி எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். "ராத்திரியே வந்துடுச்சுங்க தம்பி. மதகு பாக்குற லஸ்கர் வந்து சொல்லிட்டுப் போனாரு. இன்னிக்கு விதை ஊறப்போடணும்" என்றார். வந்த தண்ணீர் அவர் வாயில் அப்போதே விதையாகிவிட்டது.

ஆனியில் நாற்றங்கால். ஆடியில் குறுவை நடவு. இப்போது நடவு இயந்திரங்கள் வந்திருக்கின்றன. மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளர்களும் கூட்டமாக நடுகிறார்கள். அவர்கள் பேச்சு வயலோரச் சாலையில் கேட்கும். ஆடிப் பதினெட்டு அன்று படித்துறைகள் நிறையும். பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, மராத்தியர் காலத்துப் பெயரைத் தாங்கிய டபீர் படித்துறை எங்கும் பெண்கள் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பழம், சித்திரான்னம் என்று கொண்டுவந்து ஆற்றை வணங்குவார்கள். தண்ணீர் வராத ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு அதே சடங்கு நடந்ததும் உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12இல் அணையைத் திறக்க முடியவில்லை. 1990இல் காவிரி நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அதற்கு முன்னும் அப்போதும் நாம் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருந்தோம். அந்த எண்களுக்கு மறுமுனையில் இருந்தது இந்தப் படித்துறை. படித்துறையில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்ற பெண்களின் முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

புரட்டாசியில் குறுவை அறுவடை. அப்போது போகிறவர் கோயிலுக்குப் போகும் வழியிலேயே ஊரின் பெரிய கவலையைப் பார்க்கலாம். சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். மேகம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பது விதி. பருவமழை தொடங்கும் நேரத்தில் அறுத்த நெல்லில் ஈரம் எப்படி இறங்கும்? தளர்வு கேட்டு மனுக் கொடுப்பதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கிற காட்சி. ஒரு பயணி தன் காரை மெதுவாக ஓட்டி, காயும் நெல்லின்மேல் சக்கரம் ஏறாமல் ஒதுங்கிப் போனால் போதும். அந்தக் குடும்பத்துக்கு அவர் செய்யக்கூடிய மரியாதை அது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும். அரசலாற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போகும். தையில் அறுவடை. அறுப்பதற்குப் பத்து நாள் முன்பே நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது இந்தப் பகுதியின் பழைய அறிவு. மிச்ச ஈரத்திலேயே அது முளைத்து வளர்ந்துவிடும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் அந்த முளை நசுங்கிப்போகிறது என்று விவசாயிகள் குறைப்படுகிறார்கள். கூலியாள் கிடைக்காத காலத்தில் இயந்திரத்தையும் விட முடியாது. இந்த முடிச்சை யாரும் இன்னும் சரியாக அவிழ்க்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். மாசி மகம் வருவது அணை மூடி, சம்பா அறுத்து, நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு. ஊரில் தானியம் இருக்கும், ஆட்களுக்கு ஓய்வு இருக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமகத்துக்கு வருகிற லட்சக்கணக்கானோருக்குச் சோறு போட ஓர் ஊரால் முடியும் மாதம் அது. விண்மீன் கணக்கில்தான் அந்த நாளைக் குறிக்கிறார்கள். வயல் கணக்கிலும் அது சரியாகப் பொருந்தி நிற்பதைப் பார்க்கிறேன்.

ஆடுதுறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் வயலை விட்டு நகர முடியாது. கும்பகோணத்துக்குக் கிழக்கே, ரயில் பாதையை ஒட்டி, 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. 1965இல் வெளியான ஆடுதுறை 27 தஞ்சைக் குறுவையின் முகத்தையே மாற்றியது; ஐ.ஆர்.8 வருவதற்கு முன்பே இங்கே மகசூல் பேச்சு தொடங்கிவிட்டது. பிறகு வந்த ஆடுதுறை 36, 43, 45 எல்லாம் தமிழ்நாடு முழுவதும் விவசாயி வாயில் புழங்கும் எண்கள். உலகம் சுற்றுகிற நாம் நம் சோற்றின் ரகம் பிறந்த இடத்தை ஒரு ஸ்டேஷன் பெயராகக் கடந்துவிடுகிறோம்.

இந்த நெல்லின் உபரிதான் நகரத்தைக் கட்டியது. நாகேஸ்வரன் கோயில் சோழர்களின் தொடக்கக் காலத்தது. அதன் சுவர்க் கோட்டங்களில் நிற்கும் உருவங்களுக்கு முன்னால் எவ்வளவு நேரமும் நிற்கலாம். அடித்தளத்தில் ராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு சதுரங்களில் செதுக்கியிருக்கிறார்கள்; குனிந்து பார்க்காதவருக்குத் தெரியாது. இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து இரண்டாம் ராஜராஜன் தாராசுரத்தில் எழுப்பிய ஐராவதேஸ்வரர் கோயிலிலும் அதே பழக்கம்: நாயன்மார் கதைகளைச் சாண் அளவுக் கல்லில் சொல்லியிருக்கிறார்கள். 2004இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. நாயக்கர் காலத்தில் ராமசாமி கோயிலின் தூண்களும் மகாமகக் குளத்தைச் சுற்றிய பதினாறு மண்டபங்களும் வந்தன. குளத்துப் பணியோடு அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் பெயர் சேர்ந்து வழங்குகிறது. கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி கோயில்களை நான் விவரிக்கப்போவதில்லை. அவற்றை எப்படியும் பார்ப்பீர்கள்.

பிற்காலத்தில் அதே உபரி வேறு வடிவம் எடுத்தது. 1854இல் காவிரிக் கரையில் ஒரு பள்ளி தொடங்கி, கல்லூரியானது. தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அதைச் சொன்னார்கள். 1880இல் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராக அங்கே சேர்ந்தார். அந்த ஆண்டில்தான் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டதும், ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கியதும், சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டதும் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் அதில் கவனிப்பது இன்னொன்று. முன்சீப் ஏன் அந்த ஊருக்கு வந்தார்? வரப்புத் தகராறும் வாய்க்கால் வழக்கும் பாகப்பிரிவினையும் நிறைந்த நிலவளமுள்ள பகுதிக்கு நீதிமன்றம் வேண்டியிருந்தது. ஆசிரியர் ஏன் வந்தார்? பிள்ளைகளைப் படிக்கவைக்க வசதியுள்ள குடும்பங்கள் அங்கே இருந்தன. நெல்தான் இருவரையும் ஒரே ஊரில் உட்காரவைத்தது. 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வெளிவந்த பதிப்புகளெல்லாம் அவர் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த காலத்தவை. 1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார்.

அவர் போன மறு ஆண்டு, டவுன் ஹைஸ்கூலில் படிப்பு முடித்த ஒரு மாணவர் உதவித்தொகையோடு அதே கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றவற்றில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். அவர்தான் ராமானுஜன். அவர் வாழ்ந்த வீடு சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதைப் பேணிவருகிறது. சிறிய வீடு. தெருவைப் பார்த்த சன்னல் ஒன்று. கோயிலுக்குப் போகும் அவசரத்தில் அதைத் தாண்டிவிடாதீர்கள். அதே 1904இல்தான் கும்பகோணம் பேங்க் தொடங்கியது. சிட்டி யூனியன் பேங்க் என்று இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் அதன் தலைமை அலுவலகம் இன்னமும் கும்பகோணத்தில்தான் இருக்கிறது. ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன், எம்.வி. வெங்கட்ராம் ஆகியோர் இந்த ஊர்க்காரர்கள். இங்கே படித்த தி. ஜானகிராமன் 'மோகமுள்'ளின் பெரும்பகுதியை இந்தத் தெருக்களில்தான் நடக்கவிட்டார். ஒரு நடுத்தர நகரத்துக்கு இது அளவுக்கு மீறிய செல்வம்.

ஆனால் உபரி என்று நான் இவ்வளவு எளிதாகச் சொல்லிக்கொண்டு போவது நியாயமில்லை. யாரிடமிருந்து வந்த உபரி என்று கேட்க வேண்டும். கும்பகோணத்தைச் சுற்றிய வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த பண்ணையாட்கள் அந்தக் கோயில்களின் பிராகாரத்துக்குள் கால்வைக்க முடியாதவர்களாக இருந்தார்கள். பண்ணையாட்களைப் பாதுகாக்கத் தஞ்சைக்கென்று ஒரு சட்டம் வர 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதே டெல்டாவின் கீழ்க்கோடியில் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் குடும்பத்தவர் 44 பேர் எரிந்துபோனார்கள். கேட்டது கொஞ்சம் நெல். ஐராவதேஸ்வரர் கோயிலின் கல்லில் நான் கைவைக்கும்போது அந்த நெல்லும் என் நினைவில் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அழகு அதனால் குறைந்துவிடாது. நமக்குக் கடமை கூடும்.

தண்ணீருக்கு அடுத்தது மண். எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது.

கும்பகோணத்துக்கு மேற்கே சுவாமிமலையில் ஸ்தபதிகள் வெண்கலத் திருமேனி வார்க்கிறார்கள். தென்னை ஓலைக் கீற்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாள அளவுகளைக் குறித்துக்கொள்வதில் வேலை தொடங்குகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் முதலில் பூசுவது காவிரியின் மெல்லிய வண்டல். இந்த முதல் பூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. நகத்தின் கோடும் ஆடையின் மடிப்பும் அந்த வண்டலில் பதிய வேண்டும். வண்டலில் பருமணல் கலந்திருந்தால் முகம் சொரசொரப்பாகிவிடும். அது காய்ந்தபிறகு சற்றுக் கரடான மண், கம்பிக் கட்டு, இன்னொரு பூச்சு. பிறகு சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அது இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரே உருவம்தான். உளியும் அரமும் பிடித்து நாள்கணக்கில் செதுக்கிய பிறகே அது நாம் காணும் நடராசர் ஆகிறது.

தென்கிழக்கே நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைகள். இங்கே மெழுகு கிடையாது. பெட்டியில் அடைத்த மண்ணில் அச்சுப் பதித்து, பித்தளை ஊற்றுவார்கள். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் எல்லாம் தனித்தனியே வார்த்துக் கடைந்து, மரை இட்டுப் பொருத்துகிறார்கள். இதற்கும் இந்தப் பகுதி ஆற்றங்கரை வண்டலே ஆதாரம். சூடு தாங்கும், பிடித்தால் நிற்கும், காற்றையும் வெளியே விடும். வேறு மண்ணைக் கொண்டுவந்து இந்த வேலை செய்யலாமா என்று ஒரு பட்டறையில் கேட்டேன். செய்யலாம், விளக்கு வேறு மாதிரி வரும் என்று சொன்னார்கள்.

அப்படியிருக்க, ஆற்றில் மணல் அள்ளுவதைப் பற்றி நான் பேசாமலிருக்க முடியுமா? படுகை தாழ்ந்தால் வாய்க்கால் தலைப்பு உயரத்தில் நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் போனாலும் வாய்க்காலில் ஏறாது. இதை டெல்டாவில் எந்த விவசாயியும் சொல்வார். மணல் போனால் நிலத்தடி நீர் இறங்கும். வெள்ளம் கொண்டுவந்து படியவிடும் வண்டலும் பழைய இடத்தில் படியாது. வயலுக்கு ஒரு நட்டம், கிணற்றுக்கு ஒரு நட்டம், பட்டறைக்கு ஒரு நட்டம். 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் நல்ல சட்டம். அது புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஆற்றின் அடிமண்ணையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

வெற்றிலைக்கு வருகிறேன். சுவாமிமலை, ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் காவிரிக் கரையோரமாகப் போனால் அகத்தி மரங்கள் நெருக்கமாக நிற்கும் தோட்டங்கள் தெரியும். உள்ளே போனால் வெளிச்சம் குறைந்து குளிர்ந்திருக்கும். அதுதான் கொடிக்கால். முதலில் அகத்தியை வளர்த்து, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டுகிறார்கள். பாத்திகளுக்கு நடுவே பள்ளத்தில் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், ஆனால் வேர் அழுகக் கூடாது. வண்டலும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடத்தில்தான் இது நடக்கும். இலையைப் பறித்து நூறு நூறாகக் கவுளி கட்டுகிறார்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் கொடிக்கால் வேலை தெரிந்த கைகள் வயதாகிக்கொண்டிருக்கின்றன. கொடி இறக்கிக் கட்டத் தெரிந்த இளைஞர்கள் ஊர் ஊராகக் குறைகிறார்கள். சான்றிதழோடு கூலியும் உயர்ந்தால்தான் குறியீட்டுக்குப் பொருள் உண்டு.

திருபுவனம் பட்டையும் சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களையும் நான் இங்கே தொட்டு மட்டும் போகிறேன். எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' நாவலைப் படித்துவிட்டுப் போங்கள். தறிச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும். காலையில் இட்லிக்குக் கடப்பா ஊற்றும் கடையைத் தேடிப் போங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்பு இந்தச் சீமைக்கு வெளியே அரிது. காபியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, நெடுஞ்சாலை முழுக்க ஊரின் பெயரில் பலகைகள் இருக்கின்றன. ஊருக்குள் பித்தளை டபராவில் குடிக்கும் காபிதான் அந்தப் பெயருக்கு உரியது.

இப்போது அந்த ஊருக்கு வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள்? திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் ஒரே நாளில் சுற்றுகிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகமே அதற்குச் சிறப்புப் பேருந்து விடுகிறது. வயதானவர்களுக்கும் சொந்த வண்டி இல்லாதவர்களுக்கும் அது பெரிய உதவி. அதை நான் முழுமனத்தோடு பாராட்டுகிறேன். அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: இன்னொரு நாள் இருங்கள். அந்த நாளில் கார் வேண்டாம். காலையில் ஒரு படித்துறை, பிறகு ராமானுஜன் வீடு, வெயில் ஏறுமுன் ஒரு கொடிக்கால், மாலையில் சுவாமிமலையில் ஒரு பட்டறை. பட்டறையில் எதையும் வாங்காவிட்டாலும் குற்றமில்லை, கேட்டால் சொல்லித்தருவார்கள்.

பாலக்கரையில் இன்னொரு இடமும் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் இறந்த 94 குழந்தைகளின் நினைவிடம். பயணக் கையேடுகளில் அதைப் பெரும்பாலும் காண முடியாது. ஊர்க்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கூடுகிறார்கள். ஓர் ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் துக்கத்துக்கும் சற்று நேரம் ஒதுக்க வேண்டும். கூரை வேய்ந்த வகுப்பறைகள் தமிழ்நாட்டில் மறைந்தது அந்தக் குழந்தைகளுக்குப் பிறகுதான்.

2021இல் கும்பகோணம் மாநகராட்சியானது. 2011 கணக்குப்படி அங்கே வாழ்ந்தவர்கள் 1,40,156 பேர். 2028இல் அடுத்த மகாமகம். 1992 மகாமகத்து நெரிசலில் பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பின் 2004இலும் 2016இலும் குளத்தில் நீர்மட்டத்தைக் குறைத்தும், நீராட வருவோரைப் பல நாள்களுக்குப் பரப்பியும் பாதுகாப்பாக நடத்திக்காட்டினார்கள். கூட்டத்தை ஒழுங்கு செய்யக் கற்றுக்கொண்டோம். தண்ணீரை ஒழுங்கு செய்வது இன்னும் பாக்கி. ஊருக்குள் எத்தனையோ குளங்களுக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால்கள் வீட்டுக்கும் கடைக்கும் அடியில் புதைந்தும், சாக்கடையாக மாறியும் கிடக்கின்றன. திருவிழாவுக்கு மட்டும் குளத்தை மோட்டாரில் நிரப்பி, மறு மாதம் மறந்துவிடுவது அந்த ஊரின் அறிவுக்கு ஏற்றதல்ல. ஆனியில் ஆற்றில் வரும் தண்ணீர் தானாகக் குளத்தில் ஏறும்படி செய்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள்.

இந்த அவையில் அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள், மாணவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். கும்பகோணத்துப் படித்துறைகள், குளங்கள், அவற்றுக்கு வரும் வாய்க்கால்கள், அவற்றின் தலைப்புகள் எல்லாவற்றையும் நடந்தே பார்த்து, எது திறந்திருக்கிறது, எது அடைந்திருக்கிறது, எந்த மதகில் கதவு இருக்கிறது என்று வரைபடமாக்கும் மாணவர் குழுவுக்கு இந்த அறக்கட்டளை ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். இந்த உரைக்காக எனக்கு அளிக்கப்படும் மதிப்பூதியத்தை அந்தத் தொகையில் முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையைச் சித்திரையில், ஆறு காய்ந்திருக்கும்போது தொடங்க வேண்டும். அப்போதுதான் வாய்க்காலின் அடி தெரியும். ஆனியில் தண்ணீர் வந்ததும் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய், எதுவரை தண்ணீர் ஏறியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வரைபடத்தை மாநகராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் நேரில் கொடுக்க நானும் உடன் வருகிறேன்.